டெட்ராய்ட் லயன்ஸ், 2025 கோடை: பிடித்த வீரரை எடுப்பதா, தேவையான இடத்தை நிரப்புவதா?

நீலச்சிங்கம்

அமெரிக்கக் கால்பந்து அணியான டெட்ராய்ட் லயன்ஸின் முன்வரிசை நடுவில் நின்ற சென்டர் ஃபிராங்க் ராக்னோ இந்த 2025 ஜூன் மாதத் தொடக்கத்தில், 29 வயதிலேயே, ஓய்வை அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து லயன்ஸ் ரசிகர்கள் இருவர் சந்தித்தால் சென்டர் இடத்தில் இனி யார் என்பதே பேச்சாக இருக்கிறது. அது நியாயமான கவலைதான். ஆனால் கிரஹாம் கிளாஸ்கோவை நடுவில் நிறுத்தி, புதிதாக வந்திருக்கும் டேட் ராட்லெட்ஜைப் பக்கத்தில் வைத்து ஒரு பருவத்தை ஓட்டிவிட முடியும் என்று நான் நம்புகிறேன். எனக்கு உறுத்துவது வேறொன்று. பிராட் ஹோம்ஸ் டிராஃப்ட்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில்) கடைப்பிடிக்கும் கொள்கை இந்த அணிக்கு இன்னமும் பொருந்துகிறதா என்பதே அது.

அவர் 2021 ஜனவரியில் ஜெனரல் மேனேஜராக வந்தபோது அணி ஏறத்தாழ வெற்றுக் கூடாக இருந்தது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை ராம்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டு, ஜேரட் காஃபையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் வாங்கினார். அந்தப் பருவத்தில் கிடைத்த வெற்றிகள் மூன்றே மூன்று. எல்லா இடமும் காலியாகக் கிடக்கும் அணியில் எவரைக் கொண்டுவந்தாலும் அவருக்கு வேலை இருக்கும் என்பதால், "எந்த இடம் என்று பார்க்காதே, பிடித்த வீரரை எடு" என்ற கொள்கை அப்போது மிகச் சரியாக அமைந்தது. பெனே சுவெல், அமோன்-ரா செயின்ட் பிரவுன், ஏடன் ஹட்சின்சன், கெர்பி ஜோசஃப் எல்லாரும் அப்படி வந்தவர்கள்தாம்.

இன்றைய நிலை வேறு. பெரிய ஒப்பந்தங்கள் வரிசையாகக் கையெழுத்தாகிவிட்டன, காலி இடங்கள் குறைந்துவிட்டன, மிச்சமிருக்கும் காலி இடமோ விலை உயர்ந்தது. ஹட்சின்சனுக்கு எதிர்ப்புறத்தில் குவாட்டர்பேக்கை விரட்ட ஓர் எட்ஜ் ரஷர் இல்லை. இந்த நிலையிலும் "எங்களுக்குப் பிடித்தவர்" என்று மட்டும் பார்த்துத் தேர்வு செய்வது சரியா என்று கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஊதியக்கணக்கன்

கேள்வி சரியானது, ஆனால் இரண்டு ஆண்டுகள் தாமதமாக வந்திருக்கிறது. 2023 டிராஃப்ட்டிலேயே இதை எழுப்பியிருக்க வேண்டும். 12ஆம் தேர்வில் பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸ், 18ஆம் தேர்வில் தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ஜாக் கேம்பல். சம்பள வரிசையில் கீழே இருக்கும் இரண்டு இடங்களை ஒரே இரவில் முதல் சுற்றில் வாங்கிய அணி அது.

இடத்தின் மதிப்பு என்று நாம் சொல்வது ஏதோ தத்துவம் அன்று, வெறும் கழித்தல் கணக்கு. லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதிய வீரரின் சம்பளத்தை அவர் விளையாடும் இடம் தீர்மானிப்பதில்லை, எத்தனையாவது தேர்வு என்பதே தீர்மானிக்கிறது. 12ஆம் தேர்வில் வருபவர் ரன்னிங் பேக்காக இருந்தாலும் எட்ஜ் ரஷராக இருந்தாலும் நான்கு ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தொகை ஒன்றே. கிப்ஸுக்கு அது சுமார் 1.78 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு 45 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த மார்ச்சில் சேக்வான் பார்க்லி ஆண்டுக்கு 2.06 கோடி வீதம் கையெழுத்திட்டு ரன்னிங் பேக் சந்தையின் உச்சிக்குப் போனார். அதே மாதத்தில் மைல்ஸ் காரெட் எட்ஜ் சந்தையில் ஆண்டுக்கு 4 கோடியைத் தொட்டார். சிறந்த ரன்னிங் பேக்கை டிராஃப்ட்டில் பிடித்தால் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி மிச்சம். சிறந்த எட்ஜ் ரஷரைப் பிடித்தால் மூன்றரைக் கோடி மிச்சம். நடுவிலுள்ள இரண்டு கோடியில் முன்வரிசையில் சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் நல்ல கார்டு ஒருவரையும், எதிரணியில் பந்து பிடிப்பவர்களை மறிக்கும் மூன்றாவது கார்னர்பேக் ஒருவரையும் வாங்கிவிடலாம்.

கிப்ஸ் அருமையான வீரர் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அவரை எந்த விலையில் வாங்கினோம் என்பதுதான் என் கேள்வி.

நீலச்சிங்கம்

கணக்கை ஏற்கிறேன் நண்பரே, ஆனால் அதில் பாதி வரவு எழுதப்படவில்லை. லயன்ஸ் அந்த இரவு தொடங்கியது 12இல் அன்று, 6இல். ஸ்டாஃபோர்டுக்காக ராம்ஸ் கொடுத்த தேர்வு அது. லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்ற அடுத்த ஆண்டே ராம்ஸ் 5 வெற்றி, 12 தோல்வி என்று சரிந்ததால் நமக்கு அடித்த அதிர்ஷ்டம், ஏனென்றால் அதிகம் தோற்ற அணியின் தேர்வுதான் முன்னால் வரும். அந்த 6ஐயும் 81ஐயும் அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 ஆகிய மூன்றையும் வாங்கினார்கள். அந்த 34இல் வந்தவர் சாம் லபோர்ட்டா.

ஆகவே 12ஆம் தேர்வில் ஒரு ரன்னிங் பேக்கா என்று தனியாக எடுத்து விலை பேசுவது முறையாகாது. 6ஆம் தேர்வு என்ற ஒரே முதலைக் கொண்டு கிப்ஸ், லபோர்ட்டா இருவரும் வந்தார்கள். லபோர்ட்டா முதல் பருவத்திலேயே 86 பந்துகளைப் பிடித்து, தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்டுகளில், புதுமுகங்களில் அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டினார். அடுத்த ஆண்டு பிராக் பவர்ஸ் அதைக் கடந்துவிட்டார் என்பது வேறு கதை. கிப்ஸ் 2024இல் 1,412 கெஜம் ஓடி, பந்தை எதிரணி எல்லைக்குள் சேர்த்து மொத்தம் 20 டச் டவுன்கள் அடித்தார். இருவரும் சேர்ந்து ஒரே முதலிலிருந்து வந்திருக்க, ஒருவரை மட்டும் தராசில் வைப்பானேன்?

கேம்பலைப் பற்றிய உங்கள் குறையில் மட்டும் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. நல்ல வீரர், கல்லூரியின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது பெற்றவர், ஒவ்வோர் ஆண்டும் முன்னேறுகிறார். ஆனால் 18ஆம் தேர்வுக்கு ஒரு கார்னர்பேக்கை எடுத்திருந்தால், மறு ஆண்டு டெரியன் ஆர்னல்டுக்காக 29ஐயும் 73ஐயும் டல்லஸிடம் கொடுத்து 24க்கு ஏறியிருக்க வேண்டி வந்திராது.

வடக்குக்காற்று

கிரீன் பே ரசிகன் என்பதால் இந்த இழையில் பேசும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. இருந்தாலும் ஒரு செய்தி. 2002இல் ஜாவோன் வாக்கரை எடுத்த பிறகு, இந்த ஆண்டு மேத்யூ கோல்டனை 23இல் எடுக்கும்வரை, எங்கள் அணி முதல் சுற்றில், வீசும் பந்தை ஓடிப் பிடிக்கும் வைடு ரிசீவர் ஒருவரைக்கூடத் தொடவில்லை. அத்தனை ஆண்டுகளும் முதல் சுற்றை இடத்தின் மதிப்பு பார்த்துத் தடுப்பாட்டத்திலேயே பெரும்பாலும் செலவழித்தோம். அப்படியும் கடந்த பருவத்தில் உங்களிடம் இரண்டு முறை தோற்றோம். கொள்கை மட்டும் கோப்பை வாங்கித் தராது. எடுக்கும் ஆள் நல்லவராக அமைய வேண்டும்.

நான்காம்டவுன்

வடக்குக்காற்று எதிரணிக்காரர் என்றாலும் நான் சொல்ல வந்ததை அவரே சொல்லிவிட்டார். ஹோம்ஸின் கொள்கையில் குறை காண்பவர்களுக்கு அவருடைய பின்வரிசைத் தேர்வுகளை நினைவூட்டுகிறேன். செயின்ட் பிரவுன் 112ஆம் தேர்வு. தனக்கு முன்னால் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் பெயர்களையும் அவர் இன்றுவரை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜோசஃப் 97ஆம் தேர்வு. 2024இல் 9 பந்துகளை இடைமறித்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். பிரையன் பிராஞ்ச் 45ஆம் தேர்வு. தடுப்பாட்டத்தின் கடைசி வரிசையான சேஃப்டி என்ற இடமும் நண்பர் ஊதியக்கணக்கனின் பட்டியலில் கீழேதான் இருக்கும்.

அந்த பிராஞ்ச் களமிறங்கிய முதல் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 பருவத்தின் தொடக்க நாள், கேன்சஸ் சிட்டியில், சூப்பர் பவுல் சாம்பியன்களின் சொந்த மைதானம். அவர்களுடைய குவாட்டர்பேக் மகோம்ஸ் வீசிய பந்து ரிசீவர் கடேரியஸ் டோனியின் கைகளில் பட்டு எகிறுகிறது. பிராஞ்ச் அதை எட்டிப் பிடித்து 50 கெஜம் ஓடி டச் டவுனாக்குகிறார். ஆட்டம் 21-20 என்று முடிந்தது. அந்த ஒரு பந்து இல்லையென்றால் அந்த வெற்றி இல்லை. 30 ஆண்டுகளுக்குப் பிறகு டிவிஷன் பட்டம், 1991 பருவத்துக்குப் பிறகு முதல் பிளே ஆஃப் வெற்றி என்று அந்தப் பருவம் போன போக்கை நினைத்துப் பாருங்கள். மறு ஆண்டு 15-2. ஐந்தே டிராஃப்ட்டுகளில் இவ்வளவு செய்தவரிடம் போய், உங்கள் முறையை மாற்றுங்கள் என்று நாம் சொல்வதா?

எட்ஜ் ரஷர் இல்லாததால்தான் கடந்த பருவத்தின் பிளே ஆஃபில் வாஷிங்டனிடம் தோற்றோம் என்றும் யாராவது சொல்வார்கள். அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்டத்தில் லயன்ஸ் பந்தைப் பறிகொடுத்தது ஐந்து முறை. ஜேமிசன் வில்லியம்ஸை பந்து வீசச் சொல்லி அதையும் எதிரணியிடம் கொடுத்தார்கள். எந்த எட்ஜ் ரஷர் வந்தாலும் அதைக் காப்பாற்றியிருக்க முடியாது.

நீலச்சிங்கம்

ஐந்து முறை பந்தைக் கொடுத்தால் தோல்விதான், அதில் வாதமில்லை. ஆனால் அதே ஆட்டத்தில் எதிரணி 45 புள்ளிகள் எடுத்தது. ஜேடன் டேனியல்ஸ் அப்போது புதுமுகக் குவாட்டர்பேக். அவரை நான்கு பேரால் நெருக்க முடியாததால் நம் தடுப்பாட்டப் பயிற்சியாளராக இருந்த ஆரன் கிளென் ஐந்து பேர், ஆறு பேர் என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் பின்னால் ஓர் இடம் திறந்தது, டேனியல்ஸ் அமைதியாக அங்கே வீசினார். சில வாரங்கள் கழித்து நடந்த சூப்பர் பவுலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபிலடெல்ஃபியா ஒரு முறைகூடக் கூடுதல் ஆளை அனுப்பாமல், முன்வரிசை நான்கு பேரைக் கொண்டே மகோம்ஸை ஆறு முறை வீழ்த்தியது. அந்த முன்வரிசையின் தூண்களில் ஒருவரான ஜேலன் கார்ட்டர், 2023இல் நாம் 6இலிருந்து கீழே இறங்கிய அதே முதல் சுற்றில் 9ஆம் தேர்வாகப் போனவர். அவரைத் தவிர்த்ததற்குக் களத்துக்கு வெளியே காரணங்கள் இருந்தன. பல அணிகளும் தவிர்த்தன. ஆகவே அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை.

நான் சொல்லவந்தது 2024 அக்டோபர் 13ஆம் தேதியைப் பற்றி. டல்லஸில் நாம் 47-9 என்று வென்ற நாள். மூன்றாம் கால்பகுதியில் டாக் பிரெஸ்காட்டை இழுத்து வீழ்த்தும்போது, ஹட்சின்சனின் கால் சுழன்று வந்து சக வீரர் ஆலிம் மெக்நீலின் காலில் மோதியது. தொலைக்காட்சியில் அந்தக் காட்சியை மறுபடி காட்டவே தயங்கினார்கள். அதுவரை ஐந்து ஆட்டங்களில் ஏழரை சாக் (குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) எடுத்து அவர் லீக்கிலேயே முன்னணியில் இருந்தார். அதன்பின் மீதமிருந்த 12 ஆட்டங்களிலும் அவர் களமிறங்கவே இல்லை. ஆனாலும் பருவம் முடிந்தபோது லயன்ஸ் அணியில் அதிக சாக் எடுத்தவர் அவர்தான். ஐந்து ஆட்டங்கள் ஆடியவரை 12 ஆட்டங்களில் ஒருவராலும் தாண்ட முடியவில்லை. இதைவிடச் சான்று எனக்குத் தேவையில்லை.

விபத்தை யாராலும் முன்கூட்டி அறிய முடியாது. ஆனால் மறுபுறம் யார் இருந்தார் என்று பாருங்கள். ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்த மார்கஸ் டேவன்போர்ட் இரண்டே ஆட்டங்கள் ஆடிவிட்டு வெளியேறினார். காயம் என்பது அவருடைய பழைய வரலாறு, அது தெரிந்தேதான் எடுத்தார்கள். 2022இல் ஏழு ஆட்டங்களில் எட்டு சாக் எடுத்த ஜேம்ஸ் ஹூஸ்டனை நவம்பரில் விடுவித்தார்கள். அதே மாதம் கிளீவ்லாந்திடமிருந்து ஜடேரியஸ் ஸ்மித்தை வாங்கினார்கள், இந்த மார்ச்சில் அவரையும் விடுவித்தார்கள். இப்போது மீண்டும் அதே டேவன்போர்ட் ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்து நிற்கிறார். 2023 முதல் 2025 வரை மூன்று டிராஃப்ட்டுகளில் இந்த இடத்துக்கு எடுக்கப்பட்டவர் ஆறாம் சுற்றில் வந்த அகமது ஹசனைன் ஒருவர்தான்.

நான்காம்டவுன்

அப்படியானால் இந்த ஆண்டு 28ஆம் தேர்வில் யாரை எடுத்திருக்க வேண்டும் என்று பெயர் சொல்லுங்கள். ஜேம்ஸ் பியர்ஸ் 26இலேயே அட்லான்டாவுக்குப் போய்விட்டார். தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் மெக்நீல் டிசம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். பருவத் தொடக்கத்தில் அவர் இருக்க மாட்டார். அந்த இடத்துக்குத்தானே ஒஹையோ ஸ்டேட்டின் டைலீக் வில்லியம்ஸை எடுத்தார்கள்? தேவையைப் பார்க்கவில்லை என்பது உங்கள் குற்றச்சாட்டு. இது தேவையைப் பார்த்து எடுத்த தேர்வுதான்.

நீலச்சிங்கம்

டோனவன் எஸரூவாகு. பாஸ்டன் காலேஜில் கடைசிப் பருவத்தில் பதினாறரை சாக் எடுத்தவர், 44ஆம் தேர்வில் டல்லஸுக்குப் போனார். உயரம் குறைவு, எடையும் குறைவு என்று தயங்கினார்கள். அந்தத் தயக்கம் லயன்ஸுக்குக் கூடுதலாகவே இருந்திருக்கும், ஏனென்றால் இங்கே எட்ஜில் நிற்பவர் ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குக் கனமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இந்த எதிர்பார்ப்பே பிரச்சினையின் வேர் என்பது என் எண்ணம். சிறிய உடல்வாகுள்ள விரட்டுபவர்களை முதலிலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால், மிச்சமிருக்கும் பெரிய உடல்வாகுக்காரர்கள் நம்முடைய முறை வருவதற்குள் காணாமல் போய்விடுகிறார்கள்.

28இல் வில்லியம்ஸை எடுத்ததை நான் எதிர்க்கவில்லை. இரண்டாம் சுற்றில் 57க்கு ஏறி ராட்லெட்ஜை எடுத்ததும் நல்லதே. கடந்த ஆண்டு கார்டாக ஆடிய ஜெய்ட்லர் டென்னசிக்குப் போய்விட்ட நிலையில் ஒரு கார்டு கட்டாயம் தேவைப்பட்டார். என் பிணக்கு மூன்றாம் சுற்றோடுதான்.

ஊதியக்கணக்கன்

அதைத்தான் நானும் எழுத இருந்தேன். ஆர்கன்சாவின் ஐசக் டெஸ்லாவுக்காக 70க்கு ஏறினார்கள். கொடுத்தது இந்த ஆண்டின் 102ஆம் தேர்வும், 2026இன் இரண்டு மூன்றாம் சுற்றுத் தேர்வுகளும். பெற்றது 70, 182, அடுத்த ஆண்டின் ஓர் ஆறாம் சுற்று. கல்லூரியில் அதிகம் பந்து வராத, நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ களமிறங்கப்போகும் ஒரு ரிசீவருக்கு மொத்தம் மூன்று மூன்றாம் சுற்றுத் தேர்வுகள்.

இது முதல் முறையும் அன்று. 2023இல் 96க்கு ஏறி எடுத்த பிராட்ரிக் மார்ட்டின் இன்றுவரை களத்தில் தென்பட்டதே அரிது. 2024இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜியோவானி மானுவுக்காக, 2025இன் மூன்றாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்து 126க்கு ஏறினார்கள். கனடாவின் கல்லூரி ஆட்டத்திலிருந்து நேராக இங்கே வந்தவர், கற்றுத் தேற ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தே எடுத்தார்கள். ஜோசஃப் 97இல் கிடைத்தார், மெக்நீல் 72இல் கிடைத்தார். லயன்ஸ் மிக நன்றாகத் தேர்ந்தெடுக்கும் பகுதி இந்த மூன்றாம் சுற்றுதான். அங்கே கையில் சீட்டுகளைச் சேர்த்து வைப்பதற்குப் பதிலாக மூன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது எனக்குப் புரியவில்லை.

சம்பளம் ஏறாத வரை இந்தத் தாராளம் தாங்கும். ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு 2025இன் உச்சவரம்பு 27.92 கோடி டாலர். காஃபின் நீட்டிப்பு நான்கு ஆண்டுகளுக்கு 21.2 கோடி, செயின்ட் பிரவுனுக்கு 12 கோடி, சுவெலுக்கு 11.2 கோடி, மெக்நீலுக்கு 9.7 கோடி. ஜோசஃபும் இந்த ஏப்ரலில் கையெழுத்திட்டுவிட்டார். ஹட்சின்சன், ஜேமிசன் இருவருக்கும், முதல் சுற்று வீரரின் ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டிக்கும் ஐந்தாம் ஆண்டு உரிமையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அது வெறும் கால அவகாசம். லபோர்ட்டாவும் பிராஞ்சும் இரண்டாம் சுற்றில் வந்ததால் அவர்களுக்கு ஐந்தாம் ஆண்டே கிடையாது. 2026 முடிந்ததும் ஒப்பந்தம் முடிகிறது. இவ்வளவையும் தாங்க வேண்டுமானால் ஆண்டுதோறும் மலிவான புதுமுகங்கள் மூன்று நான்கு பேர் தொடக்க அணிக்கு வந்தாக வேண்டும். அந்தப் புதுமுகங்கள் வரவேண்டிய தேர்வுகளைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

கார்னர்ப்ளிட்ஸ்

புதியவன், தாமதமாக நுழைகிறேன். ட்ரே ஹெண்ட்ரிக்சன் சின்சினாட்டியோடு ஒப்பந்தத் தகராறில் இருக்கிறார். கடந்த பருவத்தில் பதினேழரை சாக் எடுத்து லீக்கில் முதலிடம். அவரை வாங்கிவிட்டால் இந்தக் கேள்வி இன்றோடு தீர்ந்துவிடாதா?

ஊதியக்கணக்கன்

வரவேற்கிறேன் தம்பி. கேட்பதற்கு இனிக்கிறது. அவருக்கு இந்த டிசம்பரில் 31 வயது ஆகிறது. அவர் கேட்பது சந்தை விலை, சின்சினாட்டி கேட்பது நல்ல தேர்வுகள். நம்மிடம் 2026இன் மூன்றாம் சுற்றுகள் போய்விட்டதால் முதல் அல்லது இரண்டாம் சுற்றைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் ஹட்சின்சனின் நீட்டிப்பு வேறு வாசலில் நிற்கிறது. ஒரே அணியில் இரண்டு எட்ஜ் ரஷர்களுக்கு உச்ச விலை கொடுத்தால், லபோர்ட்டாவையோ பிராஞ்சையோ இப்போதே வழியனுப்பத் தயாராகிக்கொள்ள வேண்டும்.

கார்னர்ப்ளிட்ஸ்

லபோர்ட்டாவை விட மாட்டேன் அண்ணா. ஹெண்ட்ரிக்சனை மறந்துவிடுகிறேன்.

நான்காம்டவுன்

பார்த்தீர்களா, லபோர்ட்டாவை விட மனமில்லை என்கிறார். டைட் எண்ட் என்பதும் இடத்தின் மதிப்பில் கீழே இருப்பதுதான். ஹோம்ஸ் பிடித்துப்போய் எடுத்த வீரரை இரண்டே ஆண்டுகளில் நமக்கும் பிடித்துவிடுகிறது. அந்த மனிதரின் கண்ணை நம்புகிறேன். டெஸ்லாவைப் பற்றியும் மூன்றாண்டுகள் கழித்துப் பேசுவோம். ஆறடிக்கு மேல் நான்கு அங்குலம் உயரம், நல்ல வேகம். எதிரணி எல்லையை ஒட்டிய சிவப்பு மண்டலத்தில் காஃபுக்கு அப்படி ஓர் உயரமான ஆள் உதவுவார்.

நீலச்சிங்கம்

அவருடைய கண்ணை நானும் நம்புகிறேன், அதனால்தான் அந்தக் கண்ணுக்கு இன்னும் அதிகச் சீட்டுகள் கொடுங்கள் என்கிறேன். ஹோம்ஸ் நன்றாகத் தேர்ந்தெடுப்பவர் என்றால், அவரிடம் ஒன்றுக்குப் பதிலாக மூன்று தேர்வுகள் இருப்பதே அணிக்கு லாபம். 2023இல் 6இலிருந்து 12க்கு இறங்கியபோது அவர் செய்தது அதுதான். எனக்குப் பிடித்த ஹோம்ஸ் அந்த இரவில் கீழே இறங்கியவர். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் மேலேயே ஏறிக்கொண்டிருப்பவர்மீதுதான் எனக்கு வருத்தம்.

பருவத்துக்கான 53 பேர் பட்டியலை முடிவு செய்யும் நாள் வரும்போது நான் பார்க்கப்போவது எட்ஜ் பகுதியை மட்டுமே. ஹட்சின்சன், டேவன்போர்ட், அல்-குவாதின் முகமது, ஜாஷ் பாஸ்கல் என்ற வரிசையோடு நிறுத்திக்கொண்டு, ஹசனைனைப் பயிற்சி அணியில் வைக்க முயன்றால் அது எனக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆறாவது ரிசீவருக்கான இடத்தை விட்டுக்கொடுத்தாவது அவரை 53க்குள் வைக்க வேண்டும். போய்சி ஸ்டேட்டில் அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நுணுக்கம் குறைவு, ஆனால் விசில் ஊதும்வரை ஓய மாட்டார்.

நான்காம்டவுன்

ஹசனைனுக்கு இடம் கொடுக்க நானும் தயார். ஆனால் வெட்டப்படுவது ஆறாவது ரிசீவராக இருக்காது, அந்த ஆள் பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான சிறப்பு அணிகளில் தேவைப்படுவார். குவாட்டர்பேக் ஹெண்டன் ஹூக்கரை 68இல் எடுத்து மூன்றாவது ஆண்டு ஆகிறது. அவரும் கைல் ஆலனும் காஃபுக்குப் பின்னால் போட்டியிடுகிறார்கள். இருவரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டால் உங்களுக்கான இடம் அங்கேயே கிடைத்துவிடும். யாரை விடுவிப்பது என்பதை ஆகஸ்ட் ஆட்டங்களைப் பார்த்துவிட்டுச் சண்டை போடலாம்.